கடைசித் தட்டு

கழிவறைக் கதவுக்கு வெளியே தங்கையின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் பெரியவள். உள்ளே சின்னவள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு."

"காலையில நீ தின்னதே அரை ரொட்டி. அதுல இன்னும் என்னடி கொஞ்சம்?"

"சிரிக்க வைக்காதே அக்கா. வயிறு வலிக்குது."

இது புதிதல்ல. மேடை ஏறும் நாளெல்லாம் சின்னவளுக்கு இப்படித்தான். வயிறு காலியானால்தான் விரல் நிறையும் என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. பெரியவளுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அவளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது, அவ்வளவுதான். கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் கீழே அப்பா. அரங்கத்து வாசலில் அவரும் நடந்துகொண்டிருந்தார்.

நடக்காமல் என்ன செய்வார். எங்கெங்கிருந்தோ வந்த பியானோக்காரர்களைச் சலித்துச் சலித்து, கடைசியில் சல்லடையில் நின்றவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் அவர் பெற்ற பெண்கள். போன வாரம் அந்தச் சேதி கேட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்த மனிதர் இன்னும் முழுதாக எழுந்திருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். இதே அரங்கில் பியானோவை மேடைக்கு உருட்டிக்கொண்டு போவதும், திரும்ப ஓரங்கட்டுவதும்தான் அவர் பிழைப்பு. மகள்கள் போட்டியில் நிற்பதால் இந்த இரண்டு நாளும் மேடைப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சுமை தூக்கிப் பழகிய கைக்குச் சும்மா தொங்குவதைப்போல் கஷ்டம் வேறு கிடையாது.

"அப்பா என்ன பண்றாரு?" என்று உள்ளேயிருந்து குரல்.

"தரையைத் தேய்ச்சுக்கிட்டு இருக்காரு. சாயங்காலத்துக்குள்ள வாசல்ல பள்ளம் விழுந்துடும்."

இன்று தனி வாசிப்பு. நாளை வாத்தியக்குழுவோடு. இரண்டையும் சேர்த்துத்தான் முடிவு. குலுக்கலில் பெரியவளுக்கு முதலிடம், சின்னவளுக்கு இரண்டாவது, கையுறைக்காரருக்கு மூன்றாவது என்று விழுந்திருந்தது.

கையுறைக்காரர் என்பது அக்காவும் தங்கையும் வைத்த பேர். மேடை ஏறும்வரை வெள்ளைக் கம்பளிக் கையுறையைக் கழற்றமாட்டார். ஊர் ஊராகப் போய்ப் போட்டியில் வாசிப்பதே அவருக்குத் தொழில்.

பெரியவளுக்குப் போட்டி என்றாலே ஆகாது. "பந்தயம் எல்லாம் குதிரைக்கு. நான் புல்லு திங்க மாட்டேன்" என்று அவள் சொல்வது வீடறிந்த வசனம். நடனப் பள்ளியில் பிள்ளைகளின் காலுக்கேற்ப வாசிப்பது அவள் வேலை. அங்கே யாரும் அவளைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பார்கள். அது போதும் என்றிருந்தாள். அவளுக்குத் தெரியாமல் பேர் கொடுத்தவள் சின்னவள். அடுத்த வருஷம் பெரியவளுக்கு வயது தாண்டிவிடும், சேர்க்கமாட்டார்கள்.

"உன்னை ஜெயிக்காம வேற யாரை ஜெயிச்சாலும் எனக்குக் கணக்குல வராது அக்கா" என்றாள் அப்போது.

"நான் ஒப்புக்கு வாசிச்சுட்டு வந்துடுவேன்."

"ஒப்புக்கு வாசிச்சே, வீட்டுக்குள்ள விடமாட்டேன்."

அப்படி ஒப்புக்கென்று வந்தவள், முதல் சுற்றில் தேறினாள். இரண்டாவது சுற்றில் தேறினாள். அதற்கப்புறம் அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

*

மேடையோரத் திரைக்குப் பின்னால் இருட்டு. பொறுப்பாளர் அம்மாள் காதருகே வந்தார்.

"உங்க தங்கச்சி இன்னும் வெளியே வரல. நடுவர்கள் காத்திருக்க மாட்டாங்க. உங்களுக்கு அடுத்து மூணாவது ஆளை அனுப்பிடறேன். தங்கச்சி கடைசியில வாசிக்கட்டும்."

பெரியவள் தலையாட்டினாள். விளக்கு மாறியது. போனாள்.

வீட்டுச் சங்கதி ஒன்று இங்கே தெரிந்தாக வேண்டும். அந்த வீட்டில் பியானோ ஒன்று, ஸ்டூல் ஒன்று. பெரியவள் நெட்டை. ஸ்டூல் தாழ்ந்திருந்தால்தான் அவளுக்குக் கை வரும். சின்னவள் குட்டை. அவளுக்குக் கடைசிவரை ஏற்றியாக வேண்டும். சிறுவயதில் இதற்காக முடியைப் பிடித்து உருண்டிருக்கிறார்கள். பார்த்துப் பார்த்து அலுத்துப்போன அப்பா ஒருநாள் சட்டம் போட்டார். எழுந்திருக்கிறவள் அடுத்தவளுக்குச் சரிசெய்து வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அன்றோடு சண்டை நின்றது. பழைய ஸ்டூல், திருகாணி தேய்ந்தது. எந்த உயரத்தில் வைத்தாலும் பக்கத்துக் குமிழை உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால்தான் நிற்கும், இல்லாவிட்டால் வாசிக்கும்போதே மெல்ல இறங்கும். திருகிவிட்டுத் தட்டு. இருவருக்கும் கண்ணை மூடிக்கொண்டு வரும்.

பெரியவள் வாசித்தாள்.

நடுவர்களை நினைக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். மெதுவான பகுதியில் அவள் அவளாகத்தான் இருந்தாள். வேகம் பிடித்ததும் உள்ளே வேறு ஒருத்தி எழுந்து உட்கார்ந்தாள். இதைக் கேளுங்க, என்றாள் அந்த ஒருத்தி. இந்த இடத்தை இவ்வளவு சுத்தமா அவளால வாசிக்க முடியாது. அவள் என்றது தங்கையைத்தான் என்று பெரியவளுக்குப் புரிந்தது. ஆனாலும் விரல் நிற்கவில்லை. பியானோவின் கட்டைகள் தானாக வந்து கைக்குக் கீழே நின்றன.

முடிந்தது. கைதட்டல். எழுந்து குனிந்து வணங்கிவிட்டு, ஸ்டூலின் பக்கம் திரும்பினாள். கை போய்க் குமிழைப் பிடித்தது. ஏற்றியது, ஏற்றியது, கடைசிவரை ஏற்றியது. திரையோரத்தில் வெள்ளையாக என்னவோ அசைந்தது. உள்ளங்கையால் ஒரு தட்டு.

உள்ளே வந்து தண்ணீர் குடித்தாள்.

கையுறைக்காரர் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்தார். குமிழைத் திருகினார். அசையவில்லை. இரண்டு கையாலும் திருகினார். புது ஸ்டூல், தேயாத திருகாணி. கடைசிவரை ஏற்றித் தட்டியதில் அது பல்லைக் கடித்துக்கொண்டு இறுகிவிட்டது. அரங்கில் யாரோ இருமினார்கள். முதல் வரிசையில் நடுவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு ஸ்டூல் கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. பழையபடி உட்கார்ந்து, உச்சியிலிருந்து எட்டிப் பார்க்கிறவரைப்போலக் குனிந்து வாசிக்கத் தொடங்கினார்.

வேகமான இடத்தில் இரண்டு தடவை கை சறுக்கியது. மூன்றாவது தடவை நின்றே போனது. ஒரு மூச்சு நேரம்தான். ஆனால் அந்த அமைதியில் ஊசி விழுந்திருந்தால்கூடக் கேட்டிருக்கும்.

திரைக்குப் பின்னால் பெரியவள் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள்.

*

பிறகு வேறு ஸ்டூல் வந்தது. சின்னவள் வாசித்தாள். வெறும் வயிற்றோடு வந்து, பசித்த சிங்கம் மாதிரி வாசித்தாள். ஜனங்கள் எழுந்து நின்று தட்டினார்கள்.

பெரியவளைப் பொறுப்பாளர் அம்மாள் தன் அறைக்குக் கூட்டிப்போனார். கதவைச் சாத்தினார். உட்காரச் சொன்னார். பெரியவள் உட்காரவில்லை.

"நீங்க ஸ்டூலைத் திருகினதை நடுவர்கள் எல்லாரும் பார்த்திருக்காங்க. அடுத்தவருக்கு இடைஞ்சல் பண்ணினா போட்டியில இருந்து எடுத்துடுவாங்க. சட்டம் அப்படி."

"வீட்டுப் பழக்கம் அது. தங்கச்சிக்குன்னு..."

"என்கிட்ட சொல்லாதீங்க. நாளைக்குக் காலையில உங்களைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க. வரிசை மாறினதை மனசுல வச்சுக்கிட்டுத் திருகினீங்களா, இல்லையா. ஆமான்னா நீங்க நாளைக்கு வாசிக்க முடியாது. இன்னிக்கு வாசிச்சதும் போச்சு."

"நீங்கதான் என்கிட்ட..."

"நான் சொன்னேன். நீங்க தலையாட்டினீங்க. மேடைக்குப் போறப்ப எல்லாருமே தலையாட்டுவாங்கம்மா. உங்க வீடு பத்திக்கிட்டு எரியுதுன்னு சொன்னாலும் ஆட்டிட்டுப் போவாங்க. உங்க மனசுல ஏறிச்சா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? அவங்க கேட்டா இதையேதான் சொல்லுவேன்."

வெளியே நடைவழியில் கையுறைக்காரர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். கையுறையைத் திரும்பவும் மாட்டியிருந்தார். பெரியவள் ஒதுங்கிப் போகப் பார்த்தாள்.

"திரும்ப வாசிக்கச் சொன்னாங்க" என்றார். "வேண்டாம்னுட்டேன்."

"ஏன்?"

"திரும்ப வாசிச்சு அப்பவும் சறுக்கினா? இப்ப ஸ்டூல் இருக்கு பழி போட. அப்ப என்ன இருக்கும்?" சிரித்தார். சிரிப்பு வாயோடு நின்றது. "இந்த வருஷம் எத்தனை மேடை ஏறிட்டேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. ஒரு ஊர்ல பியானோ சரியில்ல, ஒரு ஊர்ல நடுவர் தூங்கிட்டாரு. எல்லா ஊர்லயும் ஏதாவது ஒண்ணு இருக்கும். வேற ஸ்டூல் கேட்டிருக்கலாம். கேட்டா, இவன் நடுங்கறான்னு நினைப்பாங்கன்னு கேக்கல."

"என்னை மன்னிச்சுடுங்க."

"உங்களைப் பத்தி நான் புகார் எதுவும் குடுக்கல. ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க வாசிக்கறப்ப நான் திரைக்குப் பக்கத்துல நின்னு கேட்டேன். சாதாரணமா கேக்க மாட்டேன், காதைப் பொத்திக்குவேன். இன்னிக்குக் கேட்டேன். அப்பவே எனக்குக் கை போயிடுச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்களுக்குப் போட்டி பிடிக்காதாமே. உங்க தங்கச்சி சொல்லிச்சு" என்றார்.

"ஆமா."

"அப்படியா" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். அதைச் சொன்ன விதம் பெரியவளோடு வீடுவரைக்கும் கூடவே வந்தது.

*

மூன்று பேரும் நடந்தே திரும்பினார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார யாருக்கும் பொறுமை இல்லை. அப்பா நடுவில். ஒரு பக்கம் பெரியவள் முன்னால் போனால் மறுபக்கம் சின்னவள் பின்னால் நின்றாள். நடுவில் அவர், பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்த வண்டி மாதிரி தடுமாறிக்கொண்டு வந்தார்.

கடைவீதி முனையில் சின்னவள் வெடித்தாள்.

"நாளைக்கு எல்லாரும் என்ன சொல்லுவாங்க தெரியுமா? அக்காக்காரி அந்த ஆளைக் கவுத்துவிட்டா, தங்கச்சிக்காரி ஜெயிச்சுட்டான்னு சொல்லுவாங்க. காலம் பூரா சொல்லுவாங்க. நான் வாசிச்சதை யாரு பேசுவாங்க?"

"வேணும்னு பண்ணலடி."

"வரிசை மாறினது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

பெரியவள் வாய் திறப்பதற்குள் அப்பா, "விடும்மா, ரோட்டுல என்ன பேச்சு" என்றார்.

"ரோட்டுல இல்லாம எங்க பேசறது? வீட்டுக்குப் போனா இவ அந்தப் பக்கம் போயிடுவா, நான் இந்தப் பக்கம் போயிடுவேன்." சின்னவள் அக்காவின் முன்னால் போய் வழியை மறித்து நின்றாள். "சொல்லு. மறந்துட்டியா, மறக்கணும்னு நினைச்சியா?"

"மறந்துட்டேன்."

"அப்ப நாளைக்கு அதைச் சொல்லு. நீ இல்லாம அந்த மேடையில நான் ஜெயிச்சா அது எனக்கு எதுக்கு? மிச்சம் மீதி மாதிரி இருக்கும்."

அப்பா பேச்சை மாற்றப் பார்த்தார். "பியானோவை மேடைக்கு ஏத்தறப்ப நாங்க நாலு பேர் பிடிப்போம். இதுவரைக்கும் யார் அதிகமா தூக்கினதுன்னு எவனும் கேட்டதில்ல. கேட்டிருந்தா என்னிக்கோ ஒருத்தன் கால்ல விழுந்திருக்கும்."

"அதனாலதான் அப்பா உங்களுக்கு எவனும் கைதட்டினதில்ல" என்றாள் சின்னவள்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்பா கோபப்படவில்லை. தன் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அன்று முழுக்க அவை இருந்த இடம் அதுதான்.

பெரியவளுக்குத் தங்கையின் மேல் கோபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. இவளுக்கு ஜெயிக்க வேண்டும். ஜெயிக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லவும் செய்கிறாள். வாந்தி எடுத்துவிட்டு வெளியே வருகிறாள். உள்ளே ஒன்றையும் வைத்துக்கொள்வதில்லை.

*

வீட்டில் சின்னவள் நேராகப் பியானோ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாளைய வாசிப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். சமையலறையில் பெரியவள் ஒரே பாத்திரத்தை இரண்டு தடவை கழுவினாள். அப்பா நாற்காலியை ஜன்னலோரம் போட்டார். பிறகு அங்கிருந்து எடுத்துக் கதவோரம் போட்டார்.

வாசிப்பு நின்றது. சின்னவள் வெளியே வந்தாள். முகத்தைப் பார்க்காமல், "நீ போய் வாசி. உனக்கும் நாளைக்கு வேணும்ல" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள்.

பெரியவள் போய் உட்கார்ந்தாள். கையைக் கட்டைமேல் வைத்தாள். சரியாக விழுந்தது. அப்புறம்தான் உறைத்தது. எழுந்து பார்த்தாள். ஸ்டூல் தாழ்ந்திருந்தது, அவளுக்கு வேண்டிய உயரத்துக்குக் குண்டுமணி பிசகாமல். அழுத்திப் பார்த்தாள். இறங்கவில்லை. தட்டியும் வைத்திருக்கிறது.

"ஏய், இங்க வா."

"என்ன?" ஈர முகத்தோடு வந்தாள்.

"ஸ்டூலை நீ இறக்கி வச்சியா?"

"நானா? உன்மேல இருக்கிற ஆத்திரத்துக்கு நான் ஏன் இறக்கறேன்? அப்படியேதான் எழுந்து வந்தேன்." வந்து பார்த்தாள். குமிழைத் தொட்டாள். அவள் முகம் மாறியது. "அட. நான்தான் வச்சிருக்கேன். எனக்கே தெரியல அக்கா."

"தெரியலயா?"

"சத்தியமா தெரியல. கை பாட்டுக்குச் செஞ்சிருக்கு." கண் பளிச்சென்று விரிந்தது. அக்காவின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். "இதுதான். இதையே நாளைக்குச் சொல்லுவோம். நானும் வரேன். இந்தக் கண்றாவி ஸ்டூலையும் தூக்கிக்கிட்டுப் போய் அவங்க முன்னாடி செஞ்சு காட்டறேன். வரிசை மாறினது தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன, கைக்குத் தெரியுமா அது? நான் இவளைப் போய்... அப்பா. அப்பா, இங்க வாங்களேன்."

ஓடினாள். கூடத்தில் அவள் குரலும், நாற்காலி நகர்வதும், கேட்டு நாளாகிப்போன அப்பாவின் சிரிப்பும் வந்தன.

பெரியவள் மட்டும் ஸ்டூலின் பக்கத்தில் நின்றாள்.

கைதான் செய்தது. அதில் சந்தேகமில்லை. குமிழைப் பிடித்தது கை. ஏற்றியது கை. கடைசிவரை ஏற்றியதும் கைதான். அதுவரைக்கும் தங்கை சொல்வது அத்தனையும் நிஜம். அப்புறம் அவள் தலை நிமிர்ந்தாள். திரையோரத்தில் வெள்ளைக் கையுறை ஒன்று கழன்றுகொண்டிருந்தது. அடுத்து வரப்போவது யார் என்று அந்தக் கணத்தில் தெரிந்தது. கை நின்றது. நன்றாக ஞாபகம் இருக்கிறது, நின்றது. திரும்ப இறக்கிவிட நேரம் இருந்தது.

உள்ளே எழுந்து உட்கார்ந்திருந்த அந்த ஒருத்தி இன்னும் படுத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு விழுந்ததுதான் அந்தத் தட்டு.

பெரியவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். சிவப்பு ஒன்றும் இல்லை, சும்மாதான் இருந்தது. நாளைக்குப் பொய் சொல்லக்கூடத் தேவையில்லை. உண்மையில் முக்கால் பங்கைச் சொன்னால் போதும். தங்கை மிச்சத்தைச் சத்தியம் பண்ணி முடித்துவிடுவாள். வயது தாண்டுவதற்குள் ஒரே ஒரு மேடை, ஒரு வாத்தியக்குழு, அது கிடைத்துவிடும்.

"அக்கா, ஒருதரம் ஒத்திகை பார்த்துடலாம்" என்று சின்னவள் அப்பாவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "அப்பாதான் நடுவர். கேளுங்கப்பா. சிரிக்காம கேக்கணும்."

அப்பா கால்சட்டைப் பையிலிருந்து கையை எடுத்தார். இல்லாத மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமி, குரலைக் கனமாக்கிக்கொண்டார்.

"ஏம்மா, வரிசை மாறினது உங்களுக்குத் தெரியுமா?"

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா இன்னும் நடுவர் முகத்தோடுதான் நின்றிருந்தார். பெரியவள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

மெல்ல அந்த இல்லாத கண்ணாடியைக் கழற்றினார்.

"கண்ணு," என்றார், இந்தத் தடவை சொந்தக் குரலில், "தெரியுமா?"